பையோடு நடவும்

மூக்கண்டப்பள்ளியில் நாற்றுப் பைகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் மாதேஸ்வரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வகம் என்றால் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே மண் நிரப்பிய எட்டுத் தொட்டிகள். அங்கேதான் இரண்டு வருடம் மல்லுக்கட்டி, மண்ணில் மக்கிப்போகும் பைக்கான பிலிமைச் செய்தாள். மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு மாவைக் கிளிசரின் விட்டுக் கூழாகக் காய்ச்சி, பொடியாக நறுக்கிய வாழை நாரைக் கலந்து, தகடாக ஊற்றி உலர்த்தி, மேலே தேன்மெழுகு பூசுவாள். முதலில் வந்தவை அப்பளம் மாதிரி நொறுங்கின. அடுத்தவை தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று கரைந்தன. பதினேழாவது கலவைதான் நின்றது. இரண்டு மாதம் தண்ணீரைத் தாங்கியது. குழியில் வைத்து மூடினால் தொண்ணூறு நாளில் மண்ணோடு மண்ணாகிப் போனது. 2006இல் அந்தச் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அன்று, களையெடுக்கும் கூலியில் அவளை டிப்ளமோ படிக்கவைத்த அம்மா செல்லியிடம் அதன் நகலைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

முதலாளி கமலக்கண்ணன் பாராட்டினார். அடுத்த மாதமே, சொட்டுநீர்க் குழாய் செய்யும் ஷெட்டில் ஆள் குறைகிறது என்று அவளை அங்கே மாற்றினார். பைகள் லாரி லாரியாக வெளியே போவதைத் தூரத்திலிருந்து பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

2008 ஆடியில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, கேட்டருகே ஓர் அம்மாள் வாட்ச்மேனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். கெலமங்கலத்துக்காரி, பெயர் சாந்தம்மா. கையில் காய்ந்த மாங்கன்று ஒன்று. போன வருடம் இரண்டு ஏக்கரில் இருநூறு ஒட்டுக்கன்று நட்டாளாம். பையில் எழுதியிருந்தபடி பையோடு நட்டாளாம். தண்ணீர் வண்டி வாங்கி ஊற்றியும் தளிர் விடாமல் ஒவ்வொன்றாக வெளுத்துக் கருகுவதைப் பார்த்து, ஒன்றைப் பிடுங்கியிருக்கிறாள். ஒரு வருடம் மண்ணுக்குள் கிடந்த பை அப்படியே இருந்தது. ‘90 நாளில் மக்கும், பையோடு நடவும்’ என்ற பச்சை எழுத்துகூட அழியவில்லை. உள்ளே வேர்கள் வெளியேற வழியில்லாமல் சுருண்டு சுருண்டு, ஒன்றை ஒன்று இறுக்கிச் செத்திருந்தன.

மாதேஸ்வரி அந்தப் பையை வாங்கிக்கொண்டுபோய் வீட்டு அடுப்பில் கொதிநீரில் போட்டாள். அவளுடைய பிலிம் என்றால் கால் மணி நேரத்தில் கஞ்சியாகிவிடும். இது ஆடிக்கொண்டே கிடந்தது. பாலித்தீன்தான், பேருக்குக் கொஞ்சம் கிழங்கு மாவைக் கலந்து ஓட்டியிருந்தார்கள். அவளுடைய அறிக்கையை வைத்துக்கொண்டு வேறு பையை விற்றிருக்கிறார்கள் என்பது உறைத்தது.

மறுநாள் கமலக்கண்ணனிடம் கேட்டாள். அவர் மறுக்கவே இல்லை. வாழை நார் கலந்த கூழ் இயந்திரத்தில் வேகமாக ஓடவில்லை, ஆர்டர் காத்திருக்காது என்றார். பிறகு தட்டச்சு செய்த ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அதிகத் தண்ணீர் விட்டதாலேயே கெலமங்கலம் விவசாயியின் கன்றுகள் அழுகின என்று அதில் இருந்தது. கீழே அவள் பெயர்.

“ஒரு கையெழுத்தும்மா. அந்தம்மா என்ன கோர்ட்டுக்கா போகப் போறாங்க?”

“தண்ணி வண்டி வாங்கிக் குடத்துல மொண்டு ஊத்தினவங்க சார் அவங்க. அவங்க மேல பழி போட என் கையெழுத்தா?”

தாளை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்த ஞாயிறு கெலமங்கலத்துக்குப் போனாள். அவளும் சாந்தம்மாவும் இரண்டு கூலியாட்களும் குழி குழியாகத் தோண்டிப் பைகளைக் கிழித்தார்கள். நூற்றுமுப்பத்தொரு கன்றுகளில் உயிர் இருந்தது. மற்ற அறுபத்தொன்பதும் போயேபோய்விட்டன; அவற்றின் பைகளை மட்டும் கிழிக்காமல் எடுத்துவைத்தார்கள்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் கம்பெனி கடை விரித்திருப்பதாகத் தெரிந்ததும் இருவரும் அங்கே போனார்கள். நர்சரிக்காரர்கள் சூழ்ந்து நிற்க, கமலக்கண்ணன் பையின் மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டார். பை நீலமாயிற்று. இயற்கைப் பொருள் என்பதற்கு இதுவே சாட்சி என்றார். அந்தச் சோதனையை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே மாதேஸ்வரிதான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு பிடி சோறு வாங்கினாள். தக்காளி வாங்கி வந்த சாதாரண கேரி பேக்கில் அதைத் தேய்த்தாள். அவர் மேசையிலிருந்த குப்பியை எடுத்து அதன்மேல் விட்டாள். அதுவும் நீலமாயிற்று.

“மாவு இருந்தா நீலம் வரும், அவ்ளோதாங்க. மக்கும்னு அர்த்தம் இல்ல. நான் செஞ்ச பை வேற, இவரு விக்கிற பை வேற.”

சாந்தம்மா கூடையிலிருந்த பைகளைத் தரையில் கொட்டினாள். மண் ஒட்டிய, கிழியாத அறுபதுக்கும் மேற்பட்ட பைகள். ஒவ்வொன்றிலும் செத்த வேர். நாராயணப்பன் என்ற நர்சரிக்காரர் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அது நீண்டதே தவிர அறுபடவில்லை. இந்தப் பையைத்தானே நானும் எண்பது பேருக்குக் கொடுத்தேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு எழுந்த கூச்சலில் கமலக்கண்ணனின் பேச்சு எடுபடவில்லை. மதியத்துக்குள் கடையைக் கட்டினார்கள்.

மறுநாள் மாதேஸ்வரிக்கு வேலை இல்லை. அனுபவச் சான்றிதழ்கூடத் தரவில்லை. கம்பெனி பெயரைக் கெடுத்தவள் என்று தொழிற்பேட்டை முழுக்கச் சொல்லிவைத்ததில் ஏழு மாதம் எங்கும் வேலை கிடைக்கவில்லை. ரோஜாப் பண்ணையில் பூ கட்டு கட்டப் போனாள். சாந்தம்மா நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். நான்கு வாய்தா தள்ளிப்போய், ஐந்தாவதில் மாதேஸ்வரி சாட்சிக் கூண்டில் ஏறினாள். கம்பெனி வக்கீல் பழைய அறிக்கையை நீட்டி, இது உங்கள் கையெழுத்துதானே, மக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று மடக்கினார்.

“என் கையெழுத்துதாங்க. அதுல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் நெசம். அந்தப் பைய இவங்க ஒரு நாள்கூட விக்கல.”

தீர்ப்பு சாந்தம்மாவுக்குச் சாதகமாக வந்தது. அறுபத்தொன்பது கன்றுகளுக்கும் ஒரு வருட உழைப்புக்கும் நஷ்டஈடு. வெளியே வந்ததும் சாந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மத்த ஊர்லல்லாம் இன்னும் மண்ணுக்குள்ள கெடக்குமே பாப்பா, அதுக்கு யாரு பதில் சொல்லுவாங்க என்று கேட்டாள். மாதேஸ்வரி அவளை பஸ் ஏற்றிவிட்டு, பை வாங்கியவர்களின் முகவரிகளைக் கேட்க நாராயணப்பனின் நர்சரிக்குப் புறப்பட்டாள்.