குமிழி நடுவில்

“ஆட்டிப் பாருங்க தம்பி,” என்றாள் வீட்டுக்காரம்மா.

படிக்கட்டின் அடியில் நின்ற கைப்பிடித் தூணைத் தச்சர் ஒரு விரலால் தள்ளினார். தூண் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

“இதைப் பிடிச்சுக்கிட்டா மாடிக்கு ஏறுறீங்க?”

“மூணு வருஷமா.”

“இது உங்களைப் பிடிக்கலம்மா. நீங்கதான் இதை விழாம பிடிச்சிருக்கீங்க.”

அவள் சிரித்தாள். வீட்டில் இன்னொருவர் பேசிச் சிரித்து நாளாகியிருந்ததால் சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீண்டது.

மறுநாள் மகன் வருகிறான் என்று தச்சரிடம் சொல்லிவைத்திருந்தாள். போன தடவை இந்தத் தூண் அவன் கையோடு சாய்ந்தது. “இது உறுதியா நிக்கலைன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் வீடு ஒன்பதாவது மாடி. அவளுக்கென்று வைத்திருக்கும் அறையில் ஜன்னலைத் திறக்க முடியாது.

தச்சர் பழைய தூணைப் பிடுங்கிப் படுக்கவைத்தார். “பாருங்க, பலகை மேல நிறுத்தி நாலு ஆணியைச் சாய்ச்சு அடிச்சிருக்கான். காலண்டர் மாட்டுற வேலை. புதுத் தூணுக்கு முழம் நீளத்துக்குக் கால் விட்டிருக்கேன். தரையை வெட்டி உள்ள இறக்கி, அடியில இருக்கிற உத்தரத்தோட சேர்த்து ரெண்டு போல்ட் போட்டா யானையைக் கட்டலாம்.”

“யானைக்கு எங்க போறது?”

“நீங்க பிடிச்சா போதும். என் மச்சான் காய்ச்சல்னு படுத்துட்டான். நான் நிலவறைக்குப் போய்க் கீழேருந்து ஆப்பைத் தட்டுவேன். நீங்க மேல தூணைப் பிடிச்சுக்கிட்டு, அதுல கட்டியிருக்கிற ரசமட்டத்தைப் பாருங்க. குமிழி ரெண்டு கோட்டுக்கும் நடுவுல வந்ததும் சொல்லுங்க, போல்ட்டை இறுக்கிடுறேன்.”

தரையை வெட்டிப் புதுத் தூணை இறக்கிவிட்டுத் தச்சர் கீழே போனார். தரைக்கடியிலிருந்து குரல் வந்தது. “குமிழி எங்க நிக்குது?”

“சுவத்துப் பக்கம்.”

டொக், டொக். “இப்போ?”

“இன்னும் சுவத்துப் பக்கம்தான். வீட்ல யாரெல்லாம் இருக்காங்க தம்பி?”

“பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க, மாமியார். வீட்ல நான் வாயத் திறந்து நாளாச்சு.”

டொக். குமிழி நகர்ந்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. அவள் அதைப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம்,” என்றாள். “பொண்ணுங்க படிக்குதுங்களா?”

“பெரியவ படிக்கிறா. சின்னவ பேசுறா.”

டொக்.

“ஐயோ, வாசப் பக்கம் போயிடுச்சே.”

எதிர்ப் பக்கத்து ஆப்பு. டொக். மறுபடி நடு. “கொஞ்சம் கூடிப்போச்சு தம்பி. சின்னவ என்ன பேசுவா?”

சின்னவள் பூனையைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக் கொண்டுபோன கதை, அதற்கு மாமியார் போட்ட சத்தம் எல்லாம் பலகை இடுக்கு வழியாக மேலே வந்தன. அவள் தூணைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ஆப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஏழெட்டுத் தடவை போய் வந்தது. பிறகு கீழே சத்தமே இல்லை.

தச்சர் படியேறி வந்தார். ரசமட்டத்தைப் பார்த்தார். தூணைத் தொட்டார். அது ஆடியது.

“குமிழி முதல்ல எப்ப நடுவுக்கு வந்துச்சு?”

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “பூனைக்கு முன்னாடியே.”

“அம்மா!” அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “தட்டித் தட்டி வெட்டின இடத்தோட விளிம்பு நசுங்கிப்போச்சு. இனிமே ஆப்பு பிடிக்காது. நாளைக்கு உங்க பையன் கையை வெச்சா பழைய கதைதான்.”

“வேற வழி இல்லையா?”

அவர் கட்டைகளைப் புரட்டி ஒன்றை எடுத்து அளந்து அறுத்தார். “கீழ இதை உத்தரத்தோட திருகி, இதுல ஆப்பை முட்டக் கொடுக்கணும். இன்னொரு தடவை நசுங்கினா என்கிட்ட வேற வித்தை கிடையாது.”

கீழே போனார். டொக்.

“சுவத்துப் பக்கம்,” என்றாள்.

டொக்.

“கொஞ்சம்.”

டொக்.

கேட்க இன்னும் எவ்வளவோ இருந்தது. பெரியவள் என்ன படிக்கிறாள், மச்சானுக்குக் காய்ச்சல் எத்தனை நாளாக, ஒன்றும் கேட்கவில்லை.

“நடு,” என்றாள். “நடுதான். இறுக்குங்க.”

ஸ்பேனர் திரும்பும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்து, அதுவும் நின்றது. தச்சர் மேலே வந்து கைப்பிடியைத் தூணோடு பொருத்தினார். இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்த்தார். “போதும்,” என்று சாமான்களைக் கட்டினார்.

“காபி குடிச்சிட்டுப் போலாமே.”

“இருட்டுறதுக்குள்ள இன்னொரு கதவு மாட்டணும்மா. வரேன்.”

மறுநாள் மகன் கார் சாவியைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தான். தூணை ஒரு கையால் ஆட்டினான். சாவியைப் பையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஆட்டினான்.

“அட, பாறை மாதிரி நிக்குது! யாரு செஞ்சது?”

“ஒரு தச்சர்.”

“நல்லதாப் போச்சு. நீங்க இங்கயே இருங்கம்மா.” அவன் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்குவதை அவள் பார்த்தாள். “இனிமே உங்களைப் பத்திக் கவலை இல்ல. மாசா மாசம் ஓடி வந்து பாக்கணும்னு அவசியமும் இல்ல.”

“ஆமாப்பா,” என்றாள் அவள், தூணைப் பிடித்துக்கொண்டு. “நல்லா உறுதியா இருக்கு.”