ஒன்பது சோடி பூட்ஸ்

காலை பத்து நாற்பது. பன்னிரண்டுக்குள் சுவரொட்டி அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

நகர மையத்து விளம்பர நிறுவனம் ஒன்றின் கூட்ட அறையில் சியாசி அதைத் திரையில் பார்த்தாள். பனிக்கட்டி வீடு. அதன் முன்னால் கறுத்த நுரையீரல். கீழே, ‘நுனாவிக் இளைஞர் குழுவின் தயாரிப்பு’.

அவளுக்குப் பதினேழு வயது. வடக்கே நுனாவிக்கின் இனுயிட் பழங்குடி ஊர்களில் புகைப்பதற்கு எதிராக வேலை செய்யும் அந்தக் குழுவின் சார்பில் வந்திருந்தாள். கூடவே புடுலிக்; இரண்டு வயது மூத்தவன்.

“இது யார் வீடு?” ஆங்கிலத்தில் கேட்டாள்.

அதை வடிவமைத்தவள் ஹர்ஷினி. சென்னையிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

“நீங்க யானை மேலதான் ஆபீஸ் வர்றீங்களா?” என்றான் புடுலிக்.

சியாசி அவன் கோட்டுக்குள் கைவிட்டு சிகரெட் பெட்டியை எடுத்து மேசையில் போட்டாள். பெட்டியிலும் நுரையீரல் படம்.

“தினமும் இருபது தடவை பார்க்கிறான். விட்டானான்னு கேளுங்க.”

“பழகிடுச்சு. அந்த நுரையீரலுக்குப் பேர்கூட வச்சிருக்கேன்.”

அவள் தன் கைபேசியை நீட்டினாள். அவள் எடுத்த படம். ஒரு வீட்டு வாசல். உள்ளே ஒன்பது சோடி பூட்ஸ். மேலே அவர்கள் மொழியான இனுக்டிடுட்டில் ஒரு வரி; அதன் கீழ் ஆங்கிலத்தில், ‘இங்கே ஒன்பது பேர் மூச்சு விடுகிறோம். உன் புகை வெளியே.’

“எங்க குழுவில நாற்பத்தொரு பேர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது. இருட்டா இருக்குன்னு தள்ளிட்டீங்க. இதுதான் அச்சுக்குப் போகணும். இல்லன்னா எங்க பேரை எடுங்க.”

கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. விமானம் ஒன்றரைக்கு. அவள் எழுந்திருக்கவில்லை.

மேலாளர் நிரஞ்சனி ஹர்ஷினியை நடைவழிக்கு அழைத்தாள்.

“காசு தாற சுகாதார அலுவலகம் நுரையீரல் படத்துக்கு ஓம் எண்டு சொல்லிட்டுது. அனுப்பும்.”

“பேரை எடுத்துட்டு அனுப்பவா அக்கா?”

“பேர் இல்லாட்டி அவை வாங்காயினம். இளைஞர் செய்தது எண்டு காட்டத்தானே எங்களிட்டை வந்தவை.”

“அப்ப இளைஞர் செஞ்சதையே போடலாமே.”

“நாற்பது பெடியள் கை தூக்கினா டிசைனோ? வடிவாக் கேளும். உம்மடை வேலை பெர்மிட் இந்தக் கொம்பனியோடைதான். பேந்து என்னட்டை வந்து அழக்கூடாது.”

“அழமாட்டேன்.”

ஹர்ஷினி தன் இருக்கைக்குப் போய்ச் சியாசி எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். இருட்டாக இல்லை. சியாசி பின்னால் வந்து நின்றாள்.

“அந்தச் சின்ன பூட்ஸ் யாருது?”

“தங்கச்சியோடது. ராத்திரில மூச்சு இளைக்கும்.”

சியாசி இனுக்டிடுட் வரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். ஒரு புள்ளியைத் திருத்தச் சொன்னாள். ஹர்ஷினி குழுவின் பெயரைக் கீழே வைத்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அச்சகத்துக்கு அனுப்பினாள்.

சில நிமிடங்களில் நிரஞ்சனி வந்தாள். கைபேசியை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

“அச்சகம். இப்ப வந்தது முந்திக் காட்டின படம் இல்லையாம். எதை அடிக்கிறதெண்டு கேக்கினம்.”

ஹர்ஷினி அதைச் சியாசிக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்ஸி போய்விட்டிருந்தது. சியாசி ஒரு நாற்காலியை இழுத்து, நிரஞ்சனிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்களே அவங்களுக்குச் சொல்லுங்க. எது எங்களோடது?”