கறுப்புப் பொட்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஹனோய் மருத்துவமனையில், புது சிகிச்சையை மனிதர்களிடம் சோதிக்க அனுமதி தரும் குழு கூடுகிறது. ஒன்பது மணிக்கு, பக்கத்து ஆய்வகத்தில், குவேயின் சக ஆய்வாளன் டோவான் வாயைத் திறந்தான்.

“கறுப்புப் பேனா தீர்ந்துபோச்சு குவே. அதான் என் எலிகளுக்கெல்லாம் சிவப்புல பொட்டு வச்சேன். ஏன், படத்துல அசிங்கமா இருக்கா?”

குவே கையிலிருந்த அறிக்கையைக் கீழே வைத்தாள். ஐந்து வருட உழைப்பு. தங்க நுண்துகளை ஊசியில் ஏற்றினால் அது புற்றுக்கட்டியில் போய் அடையும். ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரியும். மேலே லேசர் அடித்தால் துகள் சூடேறிக் கட்டியைப் பொசுக்கும். குறி தப்பாமலிருக்க எலியின் தோலில், கட்டிக்கு நேர் மேலே, பேனாவால் ஒரு பொட்டு வைப்பார்கள். துகள் ஏற்றிய எலிகளுக்கு அவள் வைத்தது கறுப்பு. ஒப்பிட்டுப் பார்க்கவென்று துகள் ஏற்றாமல் விட்ட எலிகளுக்கு டோவான் வைத்தது சிவப்பு. அவளுடையவை ஐம்பத்திரண்டு டிகிரிக்கு ஏறின, அவனுடையவை நாற்பதில் நின்றன. கறுப்பு சூட்டை இழுக்கும் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சூடேறியது துகளா, மையா?

வெளியே பெஞ்சில் லியென் அக்கா உட்கார்ந்திருந்தாள். சந்தை முனையில் நூடுல்ஸ் விற்பவள், நாக்கில் புற்று. வியாழக்கிழமை நாக்கை எடுக்கத் தேதி குறித்தாகிவிட்டது. குழு இன்று சரியென்றால் அதை ரத்து செய்துவிட்டு இவர்களிடம் முதல் ஆளாக வருவாள்.

லேசரைச் சோதிக்க வாங்கிய பன்றித்தோல் குளிர்பெட்டியில் இருந்தது. துகள் ஒன்றும் இல்லாத வெறும் தோல். குவே அதில் கறுப்புப் பொட்டு வைத்து விசையைத் தட்டினாள். “ஏறாதே, ஏறித் தொலையாதே” என்று திரையைக் கெஞ்சினாள். முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. ஐம்பத்தொன்று. போச்சு, எல்லாம் போச்சு.

ஆய்வின் தலைவர் பேராசிரியர் ஹுவாக், குழுவுக்குப் போகக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. “செத்த பன்றியை வச்சு எனக்கே பாடம் நடத்துறியா?”

“அப்ப உங்க கையைக் கொடுங்க சார்.”

வீம்புக்கு நீட்டினார். மணிக்கட்டில் பொட்டு வைத்து லேசரைக் காட்டினாள். மூன்று எண்ணுவதற்குள் “ஐயோ!” என்று கையை உதறினார். அந்தச் சிவந்த இடத்தைப் பார்த்தார்.

“ஸ்கேன் படம் நிஜம். சூட்டை நம்ப முடியாது. முதல்லேர்ந்து செய்யணும், அப்படித்தானே?”

“ஆமா சார். தப்பு என்னுது.”

“குழுகிட்ட நான் சொல்லிக்கிறேன். அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு.”

குவே போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். 

“அப்ப என் நாக்கு?” என்றாள் லியென் அக்கா.

“போயிடும்க்கா. உயிர் தங்கும்.”

“வியாழக்கிழமை வரைக்கும்தான் என்னால திட்ட முடியும். உட்காருடி இங்க.”

குவே உட்கார்ந்தாள். லியென் அக்கா சந்தையே திரும்பிப் பார்க்கும் குரலில் திட்ட ஆரம்பித்தாள்.