கத்தரிக்கோல் விளம்பரம்

ஒரு வீடோ கடையோ என்ன விலை பெறும் என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது; முதலாளி, குமாஸ்தா, டிரைவர் எல்லாம் அவளே. கடன் கொடுக்கும் முன் வங்கிகள் அவளை அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்லும். அந்த வருஷம் எல்லோர் கையும் இறுகிப்போனது. வீடு வாங்குவாரும் இல்லை, கடன் கொடுப்பாரும் இல்லை. அவளுடைய போன் ஊமையாகிவிட்டது.

சும்மா இருக்கவில்லை அவள். வக்கீல் ஆபீஸ்களாக ஏறி இறங்கினாள். கார்டை நீட்டி, "நான் வேல்யூவர்ங்க" என்பாள். கார்டை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். ஒரு சுவர் விரிசலைப் பற்றி அரை நாள் பேசுவாள். தன்னைப் பற்றி அரை வாக்கியம் வராது.

அவள் கணவனோ வாயுள்ள பிள்ளை. கடைத்தெரு முனையில் சலூன் வைத்திருந்தான். அங்கேயும் கூட்டம் இல்லை; பணமுடை வந்தால் மனிதர்கள் முடியை வளர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு நாள் சலூன் பக்கம் போனவள், உள்ளே கேட்ட பேச்சில் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்க வீட்டம்மா சுவத்தை ஒரு தட்டு தட்டினா போதும், வீட்டோட மொத்தக் கதையும் சொல்லிடுவா" என்று அளந்துகொண்டிருந்தான். முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தவர் கண்ணாடிக்கடைக்காரர், பல வருஷ வாடிக்கை.

அவர் போனதும் அவள் உள்ளே பாய்ந்தாள். "ஏங்க, மானத்தை வாங்குறீங்களே! நான் எப்ப சுவத்தைத் தட்டி விலை சொன்னேன்?"

"விளம்பரம்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்மா. கழுத்துல கத்தி இருக்கும்போது யாரு குறுக்குக் கேள்வி கேக்கப்போறாங்க?"

கோபத்தோடுதான் வந்தாள், சிரித்துவிட்டாள்.

அந்த விளம்பரம் பலிக்கவும் செய்தது. கண்ணாடிக்கடைக்காரர் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்தார். அப்பா விட்டுப்போன வீடு. அவருக்கும் தங்கைக்கும் சம பங்கு. குடியிருப்பது அவர். தங்கையின் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள நினைத்தார். ஆனால் அந்தப் பேச்சு முற்றி, அண்ணனும் தங்கையும் முகம் பார்ப்பதே நின்றுபோயிருந்தது.

முன்னறையை அளந்து முடிப்பதற்குள் அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க நம்ம ஆளு. கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா."

"பாத்துதாங்க போடுவேன்."

"அதில்ல. குறைச்சுப் போடுங்கன்னேன்."

அவள் டேப்பைச் சுருட்டினாள். "அண்ணே, இந்த வீட்டுக்கு உங்களையும் தெரியாது, உங்க தங்கச்சியையும் தெரியாது. அது என்ன பெறுமோ அதைத்தான் நான் எழுத முடியும்."

"அப்ப வேணாம்" என்றார் அவர். கதவைத் திறந்தும் விட்டார்.

வழியெல்லாம் அவளுக்கு வேலை போனது உறுத்தவில்லை. கணவனின் வாடிக்கை போய்விடுமே என்பதுதான் உறுத்தியது. சலூனுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே வெறும் நாற்காலியைத் துண்டால் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"நான்தான் உன்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன்."

"உங்க ஆளு ஒருத்தர் போயிட்டாரே."

"போனா போறாரு. இன்னொரு தலை வராமலா போயிடும்? நீ சொன்னதுதான் சரி." பிறகு அவளை உட்கார வைத்து, கண்ணில் விழுந்துகொண்டிருந்த முன்முடியைச் சீராக வெட்டிவிட்டான்.

அந்த வாரமே போன் அடித்தது. "எங்கண்ணன் கேட்டும் விலையைக் குறைக்க மாட்டேன்னது நீங்கதானே?"

"உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"அவனேதான். ரொம்ப நாள் கழிச்சு போன் பண்ணினான், சண்டை போடத்தான். 'போய் அந்தம்மாவையே கூப்பிட்டுக்கோ, யாருக்கும் வளைஞ்சு குடுக்காது'ன்னு கத்தினான். எனக்கு அப்படி ஒரு ஆளுதாங்க வேணும்."

"வர்றேன். ஆனா ரெண்டு பேரும் இருக்கணும்."

இருந்தார்கள், ஆளுக்கொரு மூலையில். கூடத்தை அளக்கும்போது டேப்பின் ஒரு முனையை அண்ணனிடம் கொடுத்தாள், மறுமுனையைத் தங்கையிடம். எழுதிக்கொள்ளத் தனக்குக் கை வேண்டும் என்றாள்.

"தொங்குது. இழுத்துப் பிடி" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

"நீ முதல்ல நேரா நில்லு." தங்கை டேப்பை இழுத்தவள், சன்னல் பக்கம் பார்த்து நின்றாள். "இங்கதானே அம்மாவோட தையல் மெஷின் இருந்துச்சு? நீ ஊசியில விரலைக் குத்திக்கிட்டு, நான்தான் தள்ளிவிட்டேன்னு சொன்னே."

"நீதானே தள்ளிவிட்டே?"

"அடப்பாவி!"

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. டேப்பு இருவர் கையிலும் குலுங்கியது. அவள் அளவை எழுதி முடித்திருந்தாள். ஆனாலும், "இன்னொரு தடவை பாத்துடலாங்க" என்றாள்.

அவள் எழுதிய விலை அண்ணன் ஆசைப்பட்ட அளவு குறைவும் இல்லை, தங்கை கனவு கண்ட அளவு கூடுதலும் இல்லை. இருவரும் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். "அவன் முடியறப்ப குடுக்கட்டும்" என்றாள் தங்கை. போகும் முன் சமையலறை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

கண்ணாடிக்கடைக்காரர் கொஞ்ச நாள் வீராப்பாக வேறு சலூனுக்குப் போனார். அங்கே காதோரம் கோணலாக வெட்டிவிட்டார்களாம், திரும்பி வந்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் சொன்னதைக் கடையே கேட்டது: "இந்தாளு பேச்சை நம்பிடாதீங்க. வீட்டம்மா எழுதிக் குடுத்தா மட்டும் நம்புங்க."

வேலை வெள்ளமாகக் கொட்டவில்லை. ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. அந்தத் தங்கையின் வக்கீலும் கூப்பிட்டார். பங்கு பிரிக்கும் வீடுகள், பிரிந்துபோகும் தம்பதிகளின் வீடுகள். எங்கே போனாலும் எல்லோரும் கூட இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். சில இடங்களில் பேச்சு வந்தது, சில இடங்களில் வரவில்லை.

சாயங்காலம் ஷட்டரை இருவருமாக இழுத்துவிட்டு வீட்டுக்கு நடப்பார்கள். "இன்னைக்குப் பாத்த வீடு எப்படி?" என்று கேட்பான். அவள் தொடங்குவாள். ஒழுகும் கூரை, ஒருக்களித்த கதவு, இரண்டு சாவி வைத்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி என்று தெருக்கோடி வரை பேசுவாள். ஊர்க்கதையெல்லாம் தன் வாயில் வைத்திருந்தவன், ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே வருவான்.