இடைவேளையில் கேட்ட கேள்வி

வீட்டில் அவனுக்குத் 'தங்கம்' என்று பெயர். படிப்பில் கல்லூரிக்கே முதல், கால்பந்து அணிக்குக் கேப்டன், ஞாயிற்றுக்கிழமையானால் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து முதலுதவி வகுப்பு வேறு. இப்படிப்பட்டவனுக்கு அக்காவாகப் பிறப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். "தம்பியைப் பாத்துக் கத்துக்கோ" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் பிசியோதெரபி படித்து முடித்தாள். இப்போது அவன் அணிக்கே அவள்தான் பிசியோ.

அன்று இறுதிப் போட்டி. தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பின்னால் அம்மா. இடைவேளைக்குச் சற்று முன்பு, உயரே வந்த பந்துக்கு எகிறிய தங்கமும் எதிரணிக்காரன் ஒருவனும் தலையோடு தலை மோதினார்கள். அந்தச் சத்தம் கேட்டதுமே அக்கா மைதானத்துக்குள் பாய்ந்தாள். அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவன் எழுந்து நின்று கையை ஆட்டினான். கூட்டம் ஆர்ப்பரித்தது.

உடைமாற்றும் அறையில் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, தலையில் அடிபட்டவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் தொடங்கினாள். ஸ்கோர் என்ன? எந்தப் பாதி முடிந்தது? மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லு.

அவன் மடமடவென்று ஒப்பித்தான். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"அப்புறம் என்ன? பையன் ஜம்முனு இருக்கான். விடும்மா," என்றார் கோச்.

அக்கா விடவில்லை. இதே கேள்விகளை ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் இவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஸ்கோரைச் சொல்லும் முன் அவன் பார்வை ஜன்னல் வழியே மைதானத்து ஸ்கோர் பலகைக்குப் போய்த் திரும்பியதையும் அவள் கவனித்திருந்தாள்.

"காலைல கிளம்பும்போது என்கிட்ட என்னடா சொன்ன?"

"காலைலயா?" சிரித்தான். "நீ ஆல் தி பெஸ்ட் சொன்ன, நான் தேங்க்ஸ் சொன்னேன். வேற என்ன?"

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. "பரீட்சை, மேட்ச், வகுப்புன்னு இப்படி அலையாத, உடம்பு தாங்காது" என்றுதான் சொன்னாள். அதற்கு அவன், "உனக்கு எப்பவுமே என் மேல பொறாமை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததால், அந்தச் சொல் இந்த நிமிஷம் வரை அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மழுப்புகிறானோ? அவன் கண்ணை உற்றுப் பார்த்தாள். குறும்பும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. அவனுக்குக் காலை என்ற ஒன்றே நடந்திருக்கவில்லை.

"இவன் இறங்க மாட்டான் சார்."

"உனக்கென்ன பைத்தியமா? கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னானே! ஆளெடுக்க வந்தவர் இவனைப் பாக்கத்தான் உக்காந்திருக்காரு!"

"காலைல நடந்தது அவனுக்கு ஞாபகம் இல்ல சார். நான் சரின்னு சொன்னாதான் இறக்க முடியும். நான் சொல்ல மாட்டேன்."

"அக்கா, ப்ளீஸ்," என்றான் தங்கம். அவன் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. அவள் கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள். காலையில் அவன் சொன்னது உண்மையாகிவிடுமோ, பொறாமைதான் தன்னை இப்படிப் பேசவைக்கிறதோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஆனாலும் வழி விடவில்லை.

ஆம்புலன்ஸில் அம்மா அவள் முகத்தையே பார்க்கவில்லை. "அவன் முன்னுக்கு வந்தா உனக்கு ஆகாதாடி?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"அம்மா, மேட்ச் எப்ப ஆரம்பிக்குது?" என்றான் தங்கம்.

"விளையாடாதடா. இந்நேரம் ரெண்டாவது பாதியே ஆரம்பிச்சிருக்கும்," என்றாள் அம்மா.

அவன் தலையாட்டினான். வண்டி ஒரு திருப்பம் திரும்பியது.

"அம்மா, மேட்ச் எப்ப ஆரம்பிக்குது? அக்கா ஏன் இன்னும் வரல?"

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அம்மா முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். தன் சந்தேகம் பொய்யாகி, தான் வெறும் பொறாமைக்காரியாகவே இருந்து தொலைந்திருக்கக் கூடாதா என்று அக்கா ஏங்கினாள்.

"வண்டியை வேகமா ஓட்டுங்க!" என்று அம்மா கத்தினாள்.