ஒன்பது வருஷம் ஆறாத குழம்பு

தையல்காரர் வீட்டு அடுப்பில் ஒரு சட்டிக் குழம்பு ஒன்பது வருஷம் ஆறாமல் இருந்தது. அடியில் நெருப்பு கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவருடைய மனைவி பருப்பும் கையில் கிடைத்த காயும் போட்டுக் குழம்பு வைத்தார், அடுப்பை அணைத்தார், உப்பு ஜாடியைத் திறந்து பக்கத்தில் வைத்தார், தலை சுற்றுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்து நான்கு. நான்காம் நாள் தையல்காரரின் தங்கை சட்டியைக் கழுவ எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். குழம்பு ஊசவில்லை, அப்போதுதான் கொதித்தது போல ஆவி வந்தது. கேஸ் ரிப்பேர்காரரை வரவழைத்தார்கள். அவர் சிலிண்டரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, அரை நாள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு வயது மகள் நான்கு நாளாக எதையும் தொடவில்லை. ஊட்டியதெல்லாம் வாந்தியாக வந்தது. அந்தச் சட்டியைக் கண்டதும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள். குழம்பில் உப்பே இல்லையே என்று அத்தை ஜாடிக்குக் கை நீட்டியபோது, பிள்ளை சட்டியை மறித்துக்கொண்டு, "உப்பு அம்மா வந்து போடுவாங்க" என்றாள். அம்மா வரமாட்டாள் என்று சொல்ல வேண்டியவர் தையல்காரர்தான். அவருக்கு வாய் வரவில்லை. ஜாடி திறந்தபடியே, உள்ளே கரண்டி நட்டபடியே இருந்தது. மகளுக்கு வேறெதுவும் இறங்காது என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது. ஆகவே அந்தக் குழம்பு தீரக் கூடாது.

அவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. சட்டி பாதிக்குக் கீழே போனபோது, நூல் தீர்ந்தால் தையல்காரர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். துணியில் ஒரு துண்டு வெட்டிக் கடைக்குக் கொண்டுபோவது போல, ஒரு கரண்டிக் குழம்பைச் சின்ன டப்பாவில் மளிகைக்கடைக்குக் கொண்டுபோய், "இதுக்கு மேட்ச்சா எல்லாம் குடுங்க" என்றார். கடைக்காரர் நாக்கில் தொட்டுப் பார்த்தார். "அண்ணே, இதுக்கு என் கடைல மேட்ச் கிடைக்காது. அன்னைக்கு வீட்ல என்ன இருந்துச்சோ அதைப் போட்டு வச்சிருக்காங்க" என்றார். தையல்காரர் கேட்கவில்லை. இருப்பதிலேயே நல்ல பருப்பு, பளபளவென்று காய், புது மசாலா எல்லாம் வாங்கிப் போட்டார். சாயங்காலம் சட்டி வெதுவெதுப்பானது. மறுநாள் காலை கிட்டத்தட்ட ஆறிவிட்டது. மகள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

பயத்தில் அவர் சமையலறையைக் கிளறினார். கூடையில் ஒரு அழுகல் தொடங்கிய தக்காளி, மனைவி பாதி வெட்டி வைத்துக் காய்ந்துபோன வெங்காயம், தங்கை கொண்டுவந்த முந்தின நாள் சோறு ஒரு பிடி. அழுகலை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் கையால் பிசைந்து போட்டார். ஒரு சட்டை இஸ்திரி போடும் நேரத்தில் சட்டி சுட்டது. அங்கேயே நின்று அழுதார். அந்தக் கண்ணீர்தான் குழம்புக்கு உப்பானது என்று பின்னால் தெருவில் கதை கட்டினார்கள். அது பொய். அவர் சட்டியிலிருந்து நாலடி தள்ளி நின்றுதான் அழுதார்.

அதன்பிறகு குழம்புக்கென்று அவர் எதுவும் வாங்கவில்லை, வீட்டில் இருப்பதுதான். சட்டையின் அடிப்பக்கத் துணியை வெட்டிக் காலர் மாற்றுவதை இருபது வருஷமாகச் செய்தவருக்கு, இதுவும் அதே வேலைதான் என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது. முட்டைகோஸின் மேல் இலை, ரொட்டியின் ஓரம், முளைவிட்ட உருளைக்கிழங்கில் முளையைத் தோண்டி எறிந்தது போக மீதி, பிழிந்த எலுமிச்சையில் இன்னொரு பிழி. மிளகாய் இல்லையென்றால் இஞ்சி. புளிப்பு தூக்கலாக இருந்தால் உப்பில்லாதது அவ்வளவாகத் தெரியாது என்பதையும் கண்டுபிடித்தார். மகளின் பாவாடை விளிம்பை ஐந்து தடவை பிரித்து இறக்கினார், ஆறாவது தடவை புதிதாகத் தைத்தார். அவர்கள் வீட்டுக்கு உப்பில்லா வீடு என்று பெயர் வந்தது. விருந்தாளிகள் முகம் சுளிக்காமல் சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள்.

மகளுக்குப் பதினாறு வயது நடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டாள்: "அப்பா, இதுல அம்மா வச்சது இன்னும் எவ்வளவு இருக்கும்?"

துணி விஷயத்தில் பொய் சொல்லாத மனிதர் அவர். "ஒரு நூல் அளவு இருக்கலாம். அதுவும் சந்தேகம்தாம்மா."

"அம்மா சமையல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சுப்பா. இது உங்க கைதான். ரொம்ப நாளாவே."

காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக அவரே மனைவியைத் தீர்த்திருந்தார். "நான்தான் எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்றார். மகள் எழுந்துபோய் ஜாடியை எடுத்தாள். உப்பு கல்லாக இறுகியிருந்தது. வேறொரு கரண்டியின் காம்பால் குத்திப் பெயர்த்தாள்.

"அம்மா வரமாட்டாங்கப்பா" என்றாள். போட்டாள், கிளறினாள்.

இருவரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. எல்லாக் குழம்பும் ஆறுகிற வேகத்தில்தான் அதுவும் ஆறியது. நாலு மணிக்குச் சட்டி சில்லென்றிருந்தது. மகள் கழுவினாள், அவர் துடைத்தார். உப்புப் போடாமல் எப்படி இறக்குவது, அதனால்தான் அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது என்றார் கேஸ் ரிப்பேர்காரர், புது சிலிண்டரை மாட்டியபடி. தெருவில் யாரும் அதை மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குத் தையல்காரர் கூடையைத் திறந்தார். இரண்டு உருளைக்கிழங்கு, அரை எலுமிச்சை. அடுப்பைப் பற்றவைத்தார். பழக்கதோஷத்தில் உப்பை மறந்தார். மகள் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். போட்டார். கொஞ்சம் கூடிப்போனது. இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.