வெந்நீர்க் குழாயில் ஒரு ரப்பர் பேண்ட்

என் அக்கா கப்பல் வரைகிறவள். நான் கப்பல் ஓட்டுகிறவள். எங்களுக்குள் ஒத்துப்போகாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேப்டனாக ஏறப்போகும் புதுக் கப்பல் அவள் வரைந்தது. ஓட்டும் அறையைப் பலகையில் மாதிரி செய்து அலுவலகத்தில் வைத்திருந்தாள். நகைக்கடை மாதிரிப் பளபளத்தது. நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள், அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று கப்பலை முன்னும் பின்னும் நகர்த்தும். மற்றது மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும்.

"எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மேல எழுதியிருக்குல்ல. படிக்கத் தெரியும்தானே?"

"கப்பலைக் கரையோரமா ஒட்டி நிறுத்தும்போது என் கண்ணு சன்னலுக்கு வெளியே இருக்கும்க்கா. கைதான் தேடும். தப்பானதைப் பிடிச்சா நேரா கரைச் சுவத்துல முட்டுவேன். கப்பல்லேருந்து வீசுற கயித்தைப் பிடிச்சுக் கட்ட அங்கதான் ஆளுங்க நிப்பாங்க. ஒண்ணோட தலையை மட்டும் உருண்டையா பண்ணிடு."

"அழகே போயிடும். கவனமா ஓட்டுறவங்களுக்கு இது போதும்டி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூங்காத கண்ணோடு மழையில் கரை சேரும்போது கவனம் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று ஏசி அறையில் இருப்பவளுக்கு யார் சொல்வது? திங்கட்கிழமை வரைபடம் பட்டறைக்குப் போகிறது. அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

ஞாயிறு காலை அவள் வீட்டுக்குப் போனேன். குளியலறையில் இரண்டு குழாய்கள், அவள் ரசனைப்படி ஒரே மாதிரி. ஒன்றில் மட்டும் சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

"அது எதுக்கு அத்தான்?" என்று அக்கா கணவரைக் கேட்டேன்.

"உங்கக்கா வெந்நீர்ல சுட்டுக்கிட்டா. அன்னிக்கே சுத்தி வெச்சுட்டா," என்றார், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஹீட்டரின் சூட்டையும் குறைத்து வைத்தேன், என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவள்.

அக்கா குளிக்கப் போனாள். சற்று நேரத்தில் வீடே அதிர ஓர் அலறல். துண்டும் நுரையுமாக வெளியே வந்தாள்.

"ரப்பர் பேண்டை எந்தப் பிசாசு கழட்டினது?"

"குழாய்லதான் எழுதியிருக்கே. படிக்கத் தெரியும்தானே?"

"மூஞ்சி பூரா சோப்பு. கண்ணையே தொறக்க முடியல, எவடி படிப்பா? கைதானே தேடும்..."

நுரை தரையில் சொட்டியது. அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திங்கட்கிழமை போன வரைபடத்தில் ஒரு கைப்பிடிக்கு உருண்டைத் தலை. நீண்ட ஆய்வில் கண்டறிந்ததாக அக்கா கூட்டத்தில் அளந்துவிட்டாளாம். ஆய்வு நடந்த இடத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கப்பலை முதன்முதலாகக் கரையில் ஒட்டியபோது மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கயிறு பிடிக்க நின்றவர்களை விட்டு என் கண் அகலவில்லை. கை தேடியது. உருண்டை தட்டுப்பட்டது. கப்பல் பதவிசாகப் போய்ச் சுவரோரம் நின்றது. கயிறு கட்டி முடித்தார்கள். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இடிச்சுட்டியா?" என்றாள் எடுத்ததும்.

"இல்லக்கா."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, என் ரப்பர் பேண்டை எப்போ தரப்போற?"